பெங்களூரில் கோய் மீன் குளம் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சொந்த வீடும் பின்பக்கம் கொஞ்சம் மண்தரையும் வாய்த்தவர்கள் கோய் என்னும் வண்ணக் கெண்டை மீனை வளர்க்க ஆசைப்பட்டால், முதலில் கேட்பது குளத்தின் வடிவத்தைப் பற்றித்தான். நான் முதலில் பேச நினைப்பது குழாயைப் பற்றி. கோய் நிறையத் தின்னும், நிறைய அழுக்குப் போடும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து முப்பது ஆண்டு வாழும். அதனால் அதன் குளத்தில் கண்ணுக்குத் தெரியாத பாதிதான் பணத்தையும் யோசனையையும் கேட்கும். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கெல்லாம் 10,000 லிட்டர் குளத்துக்குப் போட்டது. உங்கள் இடத்துக்குத் தகுந்தபடி கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

30க்கு 40 அடி சைட்டில் (வீட்டுமனையில்) கட்ட முடியுமா? எவ்வளவு ஆழம் வேண்டும்?

30க்கு 40 சைட்டில் வீடு கட்டி, கார் நிறுத்த இடமும் விட்ட பிறகு கோய் குளத்துக்கு இடம் தேறுவது கஷ்டம். 40க்கு 60 என்றால் முடியும். 10 அடி நீளம், 8 அடி அகலம், நாலரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 360 கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 10,000 லிட்டர். குளம் மட்டும் 80 சதுர அடி. ஃபில்டருக்கு 25 முதல் 30 சதுர அடி வரை தனியாக ஒதுக்க வேண்டும். இதை வரைபடத்திலேயே ஒதுக்காதவர்கள்தான் பிறகு துணி உலர்த்தும் இடத்தில் டிரம் வைக்க வேண்டி வருகிறது.

4,000 லிட்டருக்குக் குறைவான தொட்டியில் கோய் விடாதீர்கள். கடையில் விரல் நீளத்தில் பார்க்கும் குஞ்சு, நல்ல வளர்ப்பில் இரண்டு அடியைத் தாண்டும். இடம் குறைவென்றால் கோல்ட்ஃபிஷ் வளர்க்கலாம். அதுவும் நல்ல குளம்தான்.

ஆழம் நாலு அடிக்குக் குறையக் கூடாது. ஆழமில்லாத தண்ணீர் ஏப்ரல் மதியத்தில் சூடாகி, விடியற்காலையில் ஆறிப்போகும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு ஆகாது. கோய்க்கு 18 முதல் 25 டிகிரி வரை நன்றாக ஒத்துக்கொள்ளும். அந்த வகையில் சென்னையை விடப் பெங்களூர் கோய்க்கு நல்ல ஊர்.

மொட்டை மாடியில் கட்டலாமா?

வேண்டாம். நாலு அடித் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. சாதாரண வீட்டின் தளத்துக்கு ஆட்களும் சாமான்களும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான் பாரக் கணக்குப் போடுகிறார்கள். ஆறு மடங்கு பாரத்தை ஏற்றிவிட்டுக் கீழே நிம்மதியாகத் தூங்க முடியாது.

எந்த மூலையில் கட்டுவது? வாஸ்துப்படி ஈசான மூலை என்கிறார்களே?

ஈசான மூலை எனக்கும் பிடித்த இடம்தான். வடகிழக்கில் காலை வெயில் விழும், மேற்கு வெயிலை வீடே மறைத்துவிடும். அந்த மூலை கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். மதியத்துக்கு மேல் நிழல் விழும் எந்த இடமும் சரி, இல்லாவிட்டால் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெங்களூர் வீடுகளில் பெரும்பாலும் தரைக்கடியில் சம்ப் என்ற தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். செப்டிக் டேங்க், பக்கத்து வீட்டு மதில் ஆகியவற்றிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். மாமரத்தடி, மழைமரத்தடி வேண்டாம், இலையள்ளி மாளாது. அரளியும் தங்க அரளியும் அருகில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவற்றின் இலையும் பூவும் விஷம்.

முழுக்கப் பள்ளம் தோண்டுவதைவிட, இரண்டு அடி தரைக்குக் கீழே, இரண்டரை அடி தரைக்கு மேலே என்று கட்டுவதையே நான் சொல்வேன். இந்த ஊர்ச் செம்மண்ணுக்கடியில் சில இடங்களில் சீக்கிரமே பாறை தட்டும். அந்தச் செலவு மிச்சம். மழைநாளில் தோட்டத்து மண்ணும் உரமும் குளத்துக்குள் ஓடி வராது. தவழும் குழந்தை தவறி விழாது. சுவர்மேல் உட்கார்ந்து தீனி போடவும் தோதான உயரம்.

மேஸ்திரி வருவதற்கு முன் நான் முடிவு செய்ய வேண்டியது என்ன?

அடிக்குழாய். குளத்தின் நடுத்தரையில் வைக்கும் வடிகால், அதிலிருந்து தளத்துக்கடியில் ஃபில்டர் வரை போகும் நாலு அங்குல பிவிசி குழாய். கான்கிரீட் போட்டபின் மாற்றவே முடியாத வேலை இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

இங்கே வேலைக்கு வரும் மேஸ்திரிகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். சம்ப் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள், தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம். ஆனால் சம்ப்பும் கோய் குளமும் ஒன்றல்ல. சம்ப்பில் அழுக்கு அடியில் தங்கினாலும் பரவாயில்லை, ஆண்டுக்கு ஒரு முறை கழுவிக்கொள்ளலாம். குளத்தில் அழுக்கு ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. அதனால் நாலு பக்கத்திலிருந்தும் தரை நடுவை நோக்கி, அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் சரிய வேண்டும். மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். திரும்பி வரும் தண்ணீர் சுவரை ஒட்டிப் பாய்ந்து குளம் முழுவதையும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். அப்போது கழிவு தானாகவே நடுவுக்கு வந்து வடிகாலில் இறங்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க நேரமெடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான பாத்திரத்தில் தண்ணீரைச் சுழற்றி, அதில் கொஞ்சம் டீத்தூளைப் போட்டுக் காட்டினாலே போதும், தூள் நடுவில் குவிவதை அவரே பார்த்துவிடுவார்.

குழாயில் செங்கோண வளைவுகளைத் தவிர்த்து, 45 டிகிரி வளைவு இரண்டாகப் போடச் சொல்லுங்கள். கான்கிரீட் கொட்டும் முன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்துக் கசிவு பாருங்கள். மேற்பரப்பில் மிதக்கும் இலை, தூசுக்கு ஒரு ஸ்கிம்மர் குழாயும், மழை கொட்டும்போது மிகுதி வெளியேற ஒரு வழியும் இதே கட்டத்தில் வைக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் ஒரே ராத்திரியில் கொட்டும் மழைக்கு அந்த வழி இல்லாவிட்டால் மீன் புல்தரைக்கு வந்துவிடும்.

ஃபில்டருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? பம்பைக் குளத்துக்குள் போட்டால் போதாதா?

பம்பைக் குளத்துக்குள் போட்டால், அது மீன் கழிவை அரைத்துக் கூழாக்கி ஃபில்டருக்கு அனுப்பும். அரைத்த அழுக்கைப் பிடிப்பது மிகக் கடினம். அதனால் ஃபில்டர் தொட்டிகளைக் குளத்தின் நீர்மட்டத்துக்குச் சமமாக வைத்து, தண்ணீர் தானாகவே அடிக்குழாய் வழியாக அங்கே வரும்படி செய்கிறோம். பம்பு கடைசித் தொட்டியில் இருக்கும். அது சுத்தமான தண்ணீரை மட்டும் தொடும்.

முதல் தொட்டி, அழுக்கு படியும் தொட்டி. வட்டமான தொட்டியில் தண்ணீர் சுவரை ஒட்டி நுழைந்து மெல்லச் சுற்றும், கனமான அழுக்கு கூம்பான அடியில் இறங்கும். அதன் அடியில் ஒரு வால்வு. காலையில் போய் அந்த வால்வைத் திறந்து பாருங்கள். முதல் சில நொடிகள் காப்பி டிகாஷன் நிறத்தில், பச்சைத் துகள்களோடு பொங்கி வரும். நாற்றம் குளத்து நாற்றம்போல இருக்கலாம், சாக்கடைபோல இருக்கக் கூடாது. நிறம் வெளுத்ததும் மூடிவிடலாம். இந்த ஒரு வேலையைத் தினமும் செய்கிறவரின் குளம் கெடுவது அரிது. வரும் தண்ணீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடுங்கள், செழித்து வளரும்.

இரண்டாவது தொட்டியில் பிரஷ்கள், அல்லது ஜப்பானிய மேட் என்று விற்கும் முரட்டு நார்ப்பாய். இது மெல்லிய துகள்களைப் பிடிக்கும்.

மூன்றாவதுதான் உயிருள்ள ஃபில்டர். மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. நூறு கிராம் தீனி போட்டால் சுமார் மூன்று கிராம் அமோனியா தண்ணீருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும், செடி விரும்பி எடுத்துக்கொள்ளும். அந்த பாக்டீரியா ஒட்டி வாழ இடம் வேண்டும். அதற்காகத்தான் சின்னச் சக்கரம் போன்ற பிளாஸ்டிக் மீடியாவைத் தொட்டியில் போட்டு, அடியிலிருந்து காற்று விட்டுப் புரளச் செய்கிறோம். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருப்பதால், இங்கே தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கடற்கரை ஊர்களை விடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் வெளிநாட்டுக் கணக்குகளில் சொல்லும் காற்றை விடக் கொஞ்சம் அதிகமாகவே விடுங்கள். இடமிருந்தால் துளைபோட்ட தட்டுகளை அடுக்கி, எரிமலைக் கல்லோ செராமிக் மீடியாவோ நிரப்பி, மேலிருந்து தண்ணீரைப் பொழியவிடும் ஷவர் ஃபில்டரும் சேர்க்கலாம். தண்ணீர் விழும்போதே காற்றைச் சேர்த்துக்கொள்ளும்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. மீடியாவையும் மேட்டையும் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரையே வாளியில் எடுத்து அலசுங்கள். பழுப்பு நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும், அதுதான் உங்கள் ஃபில்டர்.

எவ்வளவு பெரிய பம்பு? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போக வேண்டும். 10,000 லிட்டருக்கு மணிக்கு 7,000 முதல் 10,000 லிட்டர் தள்ளும் பம்பு. பெட்டிமேல் போட்டிருப்பது உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. உங்கள் ஷவர் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பு 100 வாட், காற்றுப் பம்பு 40, பாசியைக் கட்டுப்படுத்தும் யூவி விளக்கு 36 என்று வைத்தால் நாளைக்கு நாலே கால் யூனிட், மாதம் சுமார் 127 யூனிட். இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். ராத்திரி அணைத்துவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. தண்ணீர் ஓடாமல் சில மணி நேரம் நின்றாலே ஃபில்டரில் பாக்டீரியா மூச்சுத்திணறிச் சாக ஆரம்பிக்கும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த்திங் இரண்டும் இல்லாமல் தண்ணீரில் கை விடாதீர்கள்.

சிமென்ட் தொட்டியா, ஷீட்டா?

இரண்டும் சரி. ஷீட் மலிவு, வேகம். இபிடிஎம் ரப்பர் ஷீட் நெளிந்து கொடுக்கும், மடிப்பு அழகாக உட்காரும். பண்ணைக்குட்டைக்குப் போடும் எச்டிபிஇ ஷீட் விறைப்பானது, மூலைகளில் வெல்டிங் தேவைப்படும். அளவு கணக்கு: நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழமும், ஓரத்துக்கு இரண்டு அடியும் கூட்டுங்கள். நம் குளத்துக்கு 21 அடிக்கு 19 அடி. ஷீட்டுக்கடியில் கூர்மையான கல் இல்லாமல் மணலும் தடித்த விரிப்பும் போட வேண்டும்.

சிமென்ட் தொட்டி நீடித்து உழைக்கும், வடிவம் கச்சிதமாக வரும். ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் சுவரும் வேண்டும், வெறும் பிளாக் சுவர் விரிசல் விடும். இன்னொரு ஆபத்து சுண்ணாம்பு. புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, 9, 10 என்று ஏற்றிவிடும். இது ஏன் பெரிய விஷயம் என்றால், அமோனியாவின் விஷம் பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. 8 ஆனால் ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற எபாக்சியோ, ஃபைபர் கிளாஸ் பூச்சோ, பாலியூரியாவோ பூசி, அது முழுக்கக் காய்ந்தபின் இரண்டு மூன்று முறை நிரப்பி வடித்து, பிஎச் நிலையாக நிற்பதைப் பார்த்தபிறகே அடுத்த வேலை. உள்நிறம் கறுப்பாக இருக்கட்டும். கோஹாக்கு என்ற கோய் வகையின் சிவப்பும் வெள்ளையும் கறுப்புப் பின்னணியில்தான் எடுப்பாகத் தெரியும்.

காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா?

பெங்களூரில் இதுதான் நேர்மையாக யோசிக்க வேண்டிய கேள்வி. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் அலங்கார நீரூற்றுக்கும் கார் கழுவவும் பயன்படுத்த நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. நூறு கிலோமீட்டர் தாண்டி, மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அது. பக்கத்துத் தெருவில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது நம் வீட்டுக் குளத்துக்குக் காவிரியைத் திறந்துவிட மனம் வரக் கூடாது என்பது என் கருத்து.

வழி இருக்கிறது. பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவது சுமார் 90,000 லிட்டர். வீணாவது போக 70,000 லிட்டராவது சேர்க்கலாம். குளத்தில் வாரம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 லிட்டர் மாற்றினால் ஆண்டுக்கு 52,000 லிட்டர்தான். ஆக, மாடி மழையே குளத்துக்குப் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை இருக்காது என்பதால் சேமிக்கத் தொட்டி பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். 2009 முதலே இங்கே குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். குழாய் ஏற்பாடு உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கலாம்.

மழைநீரில் உப்புச்சத்து இல்லை. பாக்டீரியா ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராம் காரத்தன்மையைச் செலவழிக்கும். வெறும் மழைநீர் என்றால் அது தீர்ந்து, ஒரு நாள் பிஎச் திடீரென்று விழும். இங்கேதான் போர் தண்ணீரின் கடினத்தன்மை கைகொடுக்கிறது. இரண்டையும் கலந்து விடுங்கள். போர் இல்லாதவர்கள் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஆனால் போர் தண்ணீரை முதலில் சோதனைக்குக் கொடுத்து, நைட்ரேட்டும் இரும்பும் எவ்வளவு என்று பாருங்கள். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் தெளிக்கும்படி விடுங்கள்.

லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மீன் இருக்கும் குளத்தில் நேராக விடாதீர்கள். காவிரியோ லாரியோ, குளோரின் கலந்த தண்ணீர் என்றால் மீன் கடைகளில் ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட்டைப் போட்டு முறித்தபிறகே விட வேண்டும். ஆயிரம் லிட்டருக்குப் பத்து கிராம் சாதாரண அளவு குளோரினுக்குப் போதும்.

தண்ணீர் நிரப்பியாயிற்று. எப்போது மீன் விடலாம்?

ஆசையை நாலு முதல் ஆறு வாரம் அடக்கிக்கொள்ள வேண்டும். பாக்டீரியா குடியேற அவ்வளவு நாள் ஆகும். பழைய கோய் குளம் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து அவர் ஃபில்டரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மீடியா ஒரு பை கிடைத்தால் காலம் பாதியாகும், அவர் குளத்தில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும். காத்திருக்க முடியாதவர்கள் இரண்டு சின்ன மீனை விட்டு, தீனியை மிகக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்க வேண்டும். நைட்ரைட் ஏறினால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் குளம் தயார்.

எத்தனை மீன், எங்கே வாங்குவது?

10,000 லிட்டருக்கு எட்டு. பத்து என்பதே மேல்வரம்பு. குஞ்சாக இருக்கும்போது காலியாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் மீன் கடைகள் உண்டு. சென்னை கொளத்தூருக்குப் போய் ராத்திரி ரயிலில் பையோடு திரும்புகிறவர்களும் உண்டு, அங்கே வகையும் விலையும் தோதாக இருக்கும். கோஹாக்கு, சான்கே, ஷோவா என்ற பெயரைவிட மீனின் உடம்பைப் பாருங்கள். துடுப்பை விரித்து மற்ற மீன்களோடு சேர்ந்து நீந்தினால் நல்லது. செதிலில் சிவப்புப் புள்ளி இருந்தாலோ, சுவரில் உடம்பைத் தேய்த்தாலோ வாங்காதீர்கள்.

நீண்ட பயணத்தில் பைக்குள் அமோனியா சேரும். கூடவே மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அந்த அமோனியா பெரிதாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியா விஷமாகும். அதனால் பையைக் கட்டவிழ்க்காமலே இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்து, திறந்த உடனே மீனை மட்டும் கையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது.

விட வேண்டியதும் குளத்தில் அல்ல, தனித்தொட்டியில். மூன்று நாலு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். கோய் ஹெர்பிஸ் வைரஸுக்கு மருந்து கிடையாது. அது 16 முதல் 28 டிகிரித் தண்ணீரில் தாக்கும், பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் அந்த அளவில்தான் இருக்கும். ஒரு புது மீனால் குளமே காலியாகலாம்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. மீன் செத்துவிடுமா?

சாகாது. மிதக்கும் பாசி அது, புதுக்குளத்தில் சகஜம். குழாயில் யூவி விளக்குப் பொருத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டில் அதன் வீரியம் போய்விடும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

அடியில் கூழாங்கல், நடுவில் அல்லி, தாமரை வைத்தால் அழகாக இருக்குமே?

கூழாங்கல் வேண்டவே வேண்டாம். கல்லுக்கிடையில் கழிவு தங்கி அழுகி, நீங்கள் கட்டிய அடிக்குழாயின் பலனை அழித்துவிடும். அல்லியைக் கோய் தோண்டித் தின்றுவிடும். செடி ஆசை இருந்தால் ஃபில்டரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு தனித்தொட்டி வைத்து வெட்டிவேர், கல்வாழை, வசம்பு நடுங்கள். வெட்டிவேர் தண்ணீருக்குள் வேரை நீளமாக இறக்கி நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம், இந்த ஊர் ஏரிகள் அதனால் படும் பாடு போதும்.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

மீன் எத்தனை, தண்ணீர் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. கோடையில் மீன் நெருக்கமான குளம் என்றால் சில மணி நேரத்தில் ஆபத்து வரும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து காற்றை விழுங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. பாசியும் மீனும் ராத்திரி முழுக்க ஆக்சிஜனை இழுப்பதால் விடிவதற்குச் சற்று முன்புதான் நிலைமை மிக மோசம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன் செத்து மிதந்ததற்கும் சாக்கடை கலந்து ஆக்சிஜன் தீர்ந்ததே காரணம் என்றார்கள்.

பெரிய பம்பை இன்வெர்ட்டரில் போட வேண்டியதில்லை. 40 வாட் காற்றுப் பம்பை மட்டும் போடுங்கள். 150 ஏஎச் பேட்டரி அதைத் தனியாக ஒரு முழு நாளுக்கு ஓட்டும். அதன் குழாய் முனையில் மாட்டும் காற்றுக் கல் ஒன்று குளத்தில், ஒன்று ஃபில்டரில்.

கொக்கு, பூனை, பருந்து?

எல்லாம் வரும். மடையானும் மீன்கொத்தியும் சின்ன மீனைக் கொத்தும், செம்பருந்து மேலிருந்து இறங்கும். நேரான சுவர், நாலடி ஆழம் இருந்தால் கொக்குக்கு நிற்க இடமில்லை. முதலாண்டு மேலே நைலான் வலை கட்டியே ஆக வேண்டும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வலை போதாது, கம்பிச் சட்டம் போட்டுப் பூட்டுங்கள்.

கொசு உற்பத்தியாகாதா?

ஓடும் தண்ணீரில் கொசு முட்டையிடாது, இட்டாலும் கோய் புழுவைத் தின்றுவிடும். மிகுதி நீர் போய்த் தேங்கும் குழியையும், மூடியில்லாத மழைநீர்த் தொட்டியையும்தான் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு தீனி போடுவது?

ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் குளிரும்போது குறைத்து, எளிதில் செரிக்கும் கோதுமை முளைக்கரு கலந்த பெல்லட்டுக்கு மாறலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் ரொட்டித் துண்டு வீசுவதைத் தயங்காமல் தடுங்கள்.

மீனுக்கு உடம்பு சரியில்லை. என்ன மருந்து போடுவது?

முதலில் மருந்தல்ல, தண்ணீர்ச் சோதனை. அமோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் பாருங்கள். பாதிக்குமேல் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். நங்கூரப்புழு கண்ணுக்கே தெரியும், நூல்போலச் செதிலுக்கடியிலிருந்து தொங்கும். மற்ற ஒட்டுண்ணிகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும், ஹெப்பாளில் கர்நாடகக் கால்நடை, மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. கடையில் சொன்ன நீலத் திரவத்தை அளவில்லாமல் ஊற்றுவதற்கு முன் அங்கே கேளுங்கள்.

வீடு மாறுகிறோம், அல்லது மீன் மிகவும் வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். கோய் என்பது வண்ணம் பூண்ட கெண்டை இனம். ஏரி அடியைக் கிளறிச் சேறாக்கும், நீர்ச்செடியைப் பிடுங்கும், நோயைக் கொண்டுபோகும். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிப் பிறகு வேண்டாமென்று விட்ட சக்கர் மீன் இன்று இந்த ஊர் ஏரிகளில் பரவிக் கிடக்கிறது.

கோய் வளர்ப்பவர்களிடம் கேட்டால் இடமுள்ள ஒருவர் கிடைப்பார், வாங்கிய கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். கொண்டுபோவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள், பைத் தண்ணீர் சீக்கிரம் கெடாது. பெரிய மீனை வலையால் தூக்கக் கூடாது, செதில் உதிரும், முதுகெலும்புக்கும் ஆபத்து. வலையால் ஓரத்துக்கு ஒதுக்கி, தண்ணீருக்குள்ளேயே அகலமான பாத்திரத்திலோ பையிலோ நுழைய வைத்து, இரண்டு பேராகத் தூக்குங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். மீன் பையின் நீளவாக்கில் படுத்திருக்க வேண்டும். வண்டியில் வைக்கும்போது பை பயணத்திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், பிரேக் போட்டால் மீனின் மூக்கு போய் முட்டாது.